மூடப்படாத சிடி

பகல் பதினொரு மணிக்குத்தான் அந்தப் பெரியவர் என் கடைப் படியேறி வந்தார். பழுதான கணினிகளிலிருந்தும் பழைய சிடிகளிலிருந்தும் கோப்புகளை மீட்டுக் கொடுப்பது என் தொழில். மாடியில் ஒற்றை அறை, ஜன்னலுக்குக் கீழே பேருந்து நிறுத்தம்.

கைக்குட்டையில் சுற்றி ஒரு சிடியைக் கொண்டுவந்திருந்தார். மகள் தன் கணினியில் பதிவு செய்ததாம். அவள் இறந்து நான்கு வருடமாகிறது; அந்தக் கணினியையும் அப்போதே பழைய சாமானோடு போட்டுவிட்டார்கள். நாலு கடை ஏறி இறங்கியாயிற்று, எல்லோரும் காலி சிடி என்று கையை விரித்துவிட்டார்கள் என்றார்.

"காலியா இருக்காது தம்பி. அவ குரல் இதுல இருக்கு."

என் கணினியும் காலி என்றுதான் காட்டியது. ஆனால் சிடியை வெளிச்சத்தில் சாய்த்தபோது, எழுதப்பட்ட இடம் நிறம் மாறி வளையமாகத் தெரிந்தது. விஷயம் புரிந்துபோயிற்று. சிடியில் எழுதியபின், இனி எழுத ஒன்றுமில்லை என்று அதை மூடிவிட வேண்டும். மூடாமல் விட்டால் பெரும்பாலும் எழுதிய கணினிதான் அதைப் படிக்கும். மற்றவை வெறும் தகடு என்று நினைத்துக்கொள்ளும். மேசைக்கடியில் கிடந்த பழைய கணினி ஒன்றைத் தூசி தட்டி எடுத்தேன்; மூடாத சிடியையும் படித்துக் காட்டும் மென்பொருள் அதில் இருந்தது. அதன் டிரைவ் படிக்க மட்டும்தான் செய்யும். எழுதவே எழுதாது.

மூன்று பதிவுகள் இருந்தன.

முதலாவதில் அந்தப் பெண் பாடத்தைச் சத்தமாகப் படித்தாள். நடுவில் ஏதோ உளறிவிட்டுத் தானே சிரித்தாள். பெரியவர் ஸ்பீக்கர் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டார்.

இரண்டாவதில் கதவைத் தட்டும் சத்தம்.

"அப்பா, மூச்சு முட்டுது. கதவத் தொறங்கப்பா."

நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவராகவே சொன்னார். பரீட்சை முடியும்வரை எங்கும் போகக்கூடாது என்று அறையை வெளியே பூட்டினாராம். அவளுக்கு இழுப்பு உண்டு. நடிக்கிறாள் என்று நினைத்துக் கூடத்திலேயே உட்கார்ந்திருந்தாராம்.

"தட்டுறது நின்னதும், தூங்கிட்டா போலன்னு நெனச்சேன்."

பதிவின் தேதியைப் படித்துக் காட்டினேன். அது அவள் இறந்ததற்கு மறுநாள் என்றார்.

மூன்றாவதன் தேதி, அவர் கடைக்கு வந்திருந்த அதே நாள். நேரம், அவர் என் படியேறிய நேரம்.

அதில் தட்டல் இல்லை. நெஞ்சில் சளி கட்டியவர் மூச்சுவிடும் சத்தம், மெதுவாக, வெகுநேரம். நாள்கணக்கில் பூட்டிவைத்த அறையின் வாடை எங்கிருந்தோ வந்தது. ஜன்னல் திறந்துதான் இருந்தது.

பிறகு, மிக அருகில்:

"வந்துட்டீங்களாப்பா?"

சிடியை வெளியே எடுத்தேன். வேறொரு டிரைவில் போட்டு சிடியை மூடிவிடுகிறேன், அப்புறம் இதில் எதுவும் ஏறாது என்றேன். அவர் அதைப் பிடுங்கிக்கொண்டார்.

"மூடாத தம்பி. ஒரு தடவ மூடினது போதும்."

நான்கு நாள் கழித்து அவர் மனைவி வந்து சொன்னாள். வீட்டுக்குப் போனவர் நேராக மகளின் அறைக்குள் போய்த் தாழ்போட்டுக்கொண்டாராம். உள்ளேயிருந்து தட்டும் சத்தம் கேட்டு ஓடியிருக்கிறாள். கதவை உடைப்பதற்குள் மூச்சு நின்றுவிட்டது. வாழ்நாளில் ஒருநாள்கூட இழுப்பு வந்த மனிதரில்லை. உடைத்தபின் பார்த்தால், அவர் போட்ட உள்தாழ் திறந்தே இருந்ததாம்; வெளியிலும் பூட்டில்லை.

சிடியை என் மேசையில் வைத்துவிட்டு, எனக்கு இது வேண்டாம் என்று போய்விட்டாள். அன்றே அதை நாலாக உடைத்துக் குப்பையில் போட்டேன்.

நேற்று மதியம் வேறு வேலைக்காக, உறை பிரிக்காத புது சிடி ஒன்றை எடுத்துப் போட்டேன். காலி என்று வந்திருக்க வேண்டும்.

ஒரு பதிவு என்று காட்டியது.

இரண்டு பேர் தட்டுகிறார்கள். ஒரு கை அவசரமாக, ஒரு கை தளர்ந்து.

"தம்பி, தொற தம்பி."

எந்தக் கதவென்றுதான் தெரியவில்லை.