மதினியின் மடக்கு போன்

சரஸ்வதி காப்பியைத் தொடவில்லை.

நத்தத்தில் முதல் பேருந்தைப் பிடித்து, திண்டுக்கல்லில் வண்டி மாறி, எரியோட்டில் இறங்கி அண்ணன் வீட்டுக்கு வந்தவள், கூடத்து நாற்காலியில் கைப்பையை மடியில் வைத்தபடி அமர்ந்திருந்தாள். பையைக் கீழே வைக்காதவர்கள் நெடுநேரம் இருக்க வந்தவர்கள் அல்லர். அண்ணன் மனைவி புவனேஸ்வரிக்கு அது புரிந்தது. நாத்தனாருக்குப் பிடிக்கும் அளவுக்குச் சர்க்கரை போட்டுக் கொடுத்த காப்பி, டவராவில் ஆடை கட்டிக்கொண்டிருந்தது.

"ஆறிப்போச்சே சரசு... வேற போட்டுத் தரட்டா?"

சரஸ்வதி மதினியைப் பார்க்கவில்லை. தன் தாயைப் பார்த்துப் பதில் சொன்னாள்.

"ஆத்தா, எனக்குக் காப்பி வேணாம்னு சொல்லு!"

சந்தைக்கு அனுப்பியது போக மிஞ்சிய மல்லிகையைத் தொடுத்துக்கொண்டிருந்த அய்யம்மாள், நாரைப் பல்லிலிருந்து எடுத்தாள்.

"அந்தா நிக்கிறா, நீயே சொல்லு. ஒங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நான் என்ன செல்போன் டவரா?"

கல்லூரிக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த மேகலை சிரிக்கத் தொடங்கி, தாயின் முகத்தைக் கண்டதும் நிறுத்திக்கொண்டாள். சரஸ்வதியின் மகளான அவள், வேடசந்தூர்ப் பக்கம் நர்சிங் படிப்பதற்காக இரண்டாண்டுகளாக மாமன் வீட்டில் இருக்கிறாள்.

தெருமுனையில் ஹாரன் இருமுறை ஒலித்தது. திண்டுக்கல் பூச்சந்தையில் பூவைப் போட்டுவிட்டு வேலுசாமி திரும்பிவிட்டார் என்பதற்கு அதுவே அறிவிப்பு. மணம் முடித்த இத்தனை ஆண்டுகளில் அவர் மனைவிக்குப் போன் செய்ததில்லை. ஹாரன் இருக்கும்போது போன் எதற்கு என்பது அவர் கட்சி.

"வாத்தா சரசு! என்ன காலங்காத்தால?"

"தையில பால் காய்ச்சுறோம்ணே. சீரோட நீ வந்துரு." சரஸ்வதி ஒரு கணம் நிறுத்தினாள். "நீ மட்டும் வந்தாப் போதும்."

வேலுசாமியின் கையிலிருந்த வெற்றுக் கூடை தரைக்குப் போகும் வழியில் நின்றது.

"மேகலையையும் கையோட கூட்டிட்டுப் போறேன். ஆஸ்டல்ல சேத்துக்கிறேன்."

"அம்மா! என்னம்மா இது?"

"நீ சும்மா இருடி! ஒனக்கு ஒண்ணும் தெரியாது..." சரஸ்வதியின் குரல் உடைந்தது. "புது வீட்டுல மொதப் பால் எம் மதினி கையால பொங்கணும்னு ஒத்தக் கால்ல நின்னேண்ணே! ஓரகத்திதான் காய்ச்சணும்னு அங்க அம்புட்டுப் பேரும் சொன்னாக. நான் மசியலை. எப்பவும் மேகலை போன்லதான் பேசுவோம்; நாள் குறிக்கிறதுக்கு முன்னாடி மதினிகிட்டத்தான் கேக்கணும்னு அவுக போனுக்கே அடிச்சேன். சமையக்கட்டு டைல்ஸு பச்சையா மஞ்சளாங்கிறது வரைக்கும் சொன்னேன்... எல்லாத்தையும் கேட்டுப்புட்டு, 'ராங் நம்பர்'னுட்டு டக்குன்னு மடக்கிட்டாக!"

"யாரு?"

"ஒம் பொண்டாட்டிதான்! திரும்ப அடிச்சேன். 'ராங் நம்பர்ங்கிறேன்ல'... டக்கு! மூணாந்தடவ அடிச்சேன். அப்பவும் டக்கு! இந்தக் காலத்துல யாருண்ணே மடக்கு போன் வச்சிருக்கா? அந்தச் சத்தம் எனக்குத் தெரியாதா? கூடப்பொறந்தவ மாதிரி நெனச்சேனே... நான் ராங் நம்பரா மதினி? சொல்லுங்க, நான் ராங் நம்பரா?"

எல்லாக் கண்களும் புவனேஸ்வரியின் இடுப்பை நோக்கின. முந்தானைச் செருகலில், அரக்கு நிறம் தேய்ந்து ஓரம் வெளுத்த மடக்கு போன் இருந்தது. மூடியைத் திறந்தால் பேச்சு தொடங்கும், மடக்கினால் முடியும். அதைத் தவிர அதனிடம் அவள் எதையும் எதிர்பார்த்ததில்லை.

இப்போது அதனிடம் அதுவும் இல்லை. அந்தப் போனுக்குள் இருந்த சிம் உயிர்விட்டுப் பல மாதங்கள் ஆகியிருந்தன. அது வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. மணி காட்டியது, பூப்பறிக்க எழுப்பிவிட்டது, கிணற்றடியில் விளக்காயிற்று. ஆகவே அவள் அதை வழக்கம்போல் இடுப்பில் செருகிக்கொண்டாள், வழக்கம்போல் திறந்து மூடினாள். பால் சொசைட்டியில் நான்கு பேர் தத்தம் போனை எடுத்தால், தானும் எடுத்து ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

'என் போனே ஓடவில்லை சரசு' என்று நான்கு சொற்கள் சொன்னால் பழி தீர்ந்துவிடும். ஆனால் ஏன் ஓடவில்லை என்பது அடுத்த கேள்வி. அதற்கான விடை மேகலையிடம் போய் நிற்கும். புவனேஸ்வரி முந்தானையை இழுத்துப் போனை மறைத்தாள்.

"பாத்தியாண்ணே... மூச்சு விடுறாகளா பாரு!"

"ஏய், நிறுத்துடி." அய்யம்மாள் பூச்சரத்தைக் கீழே வைத்தாள். மருமகளுக்குச் சார்பாக அவள் பேசி எவரும் கேட்டதில்லை. "இவ மடக்கியிருப்பான்னு நீ சொல்றதைத்தான் என்னால ஒத்துக்க முடியலை. கம்பெனிக்காரி ஒருத்தி பேசுவாளே... 'உங்கள் வேலிடிட்டி நாளையுடன் முடிவடைகிறது, பாட்டு வைக்க ஒண்ணை அமுக்கவும்'னு... அது மிசினு. அந்த மிசினு பேசி முடிக்கிற வரைக்கும் அடுப்புல குழம்பு தீஞ்சாலும் இவ காதுல வச்சுக்கிட்டு நிப்பா. ஏண்டி மடக்கலைன்னு கேட்டா, 'பேசிக்கிட்டிருக்கிறவளை எப்பிடி அத்தை பாதியில மடக்குறது'ங்கிறா! முடிஞ்சதும் 'சரிம்மா, வச்சுர்றேன்'னு வேற சொல்லுவா. மிசினையே மடக்காதவ ஒன்னைய மடக்குவாளா?"

"அப்ப நான் பொய் சொல்றேனா ஆத்தா? பெத்த மகளை விட மருமக ஒசத்தியாப் போயிட்டாளா?" சரஸ்வதி பையைத் திறந்து தன் போனை எடுத்தாள். "இந்தா... 'மதினி'ன்னு பேர் போட்டு வச்சிருக்கேன். இப்பவே அடிக்கிறேன். ஸ்பீக்கர்ல போடுறேன். அவுக இடுப்புல மணி அடிக்கிறதை எல்லாரும் கேளுங்க!"

புவனேஸ்வரி ஓரடி முன்னால் வந்தாள்.

"வேணாம் சரசு. தப்பு என்னுதுன்னே வச்சுக்கோ. நான் விசேசத்துக்கு வரலை. புள்ளைய மட்டும் இங்கயே விட்டுட்டுப் போ... படிப்பு கெட்டுரும். போன் மட்டும் போடாத."

குற்றத்தை ஒப்புக்கொள்வதற்கு இதைவிடத் தெளிவான வாக்கியம் கிடையாது என்று சரஸ்வதிக்குத் தோன்றியது. அவள் எண்ணை அழுத்தினாள்.

ஸ்பீக்கரில் மணி ஒலித்தது. புவனேஸ்வரியின் இடுப்பில் ஒன்றும் ஒலிக்கவில்லை. வேலுசாமி மனைவியின் இடுப்பையும் தங்கையின் கையையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு ஸ்பீக்கரில் 'டக்' என்று ஒரு மூடி திறந்தது.

"யா அல்லா! மறுபடியும் நீயாம்மா? பால் காய்ச்சுற பொண்ணு!"

சரஸ்வதி போன் திரையில் இருந்த 'மதினி' என்ற பெயரை மறுபடியும் பார்த்தாள்.

"என்ன இன்னிக்குப் பேச்சையே காணோம்? மூணு தடவையும் 'ஹலோ' சொல்லக்கூட விடாம ஓட்டினியே! நீ மூச்சு விட்டாத்தானேம்மா நான் ராங் நம்பர்னு சொல்ல முடியும்? அதான் இடைவெளி கெடச்சப்பச் சட்டுன்னு சொல்லி மடக்கினேன். கோவிச்சுக்காத. ஆமா... பச்சை டைல்ஸா, மஞ்சளா? ரெண்டு நாளா அதே நெனப்பு எனக்கு."

"நீங்க... நீங்க யாரு?"

"நான் ரம்ஜான் பீவி. திண்டுக்கல் பேகம்பூர்."

"இது எங்க மதினி நம்பராச்சே!"

"முன்னாடி இருந்திருக்கும். ரீசார்ஜ் பண்ணாமக் கெடந்தா, கொஞ்ச மாசம் பாத்துட்டு கம்பெனிக்காரன் நம்பரை அடுத்த ஆளுக்குக் குடுத்துருவானாம், கடைக்காரர் சொன்னாரு. எனக்கு வந்து ரெண்டு மாசமாச்சு. எம்போனும் மடக்கு போனுதாம்மா. மகன் புதுசு வாங்கித் தாரேங்கிறான், நான்தான் வேணாம்னுட்டேன். மடக்கினாத்தானே பேசி முடிச்ச மாதிரி இருக்கு!"

வேலுசாமி மனைவியிடம் திரும்பினார்.

"ரீசார்ஜ் பண்ணாமயா? மாசாமாசம் அதுக்குன்னு ஒங்கையில காசு குடுத்தேனே புவனா!"

அவள் தரையைப் பார்த்தாள். மேகலையின் கையிலிருந்த புத்தகப்பை நழுவியது.

"மாமா... என் போனுக்குப் பெரிய பேக் போடுறது நீங்க இல்லையா?"

"நானா? ஒங்கப்பன்ல போடுறாரு?"

"அப்பா போடுறது சின்னதுதான் மாமா... அது மதியத்துக்குள்ள தீந்துரும். அத்தைகிட்ட ஒரு நாள் அழுதேன். மறுநாள்ல இருந்து பெருசா வந்துச்சு. நீங்கதான்னு..." அவள் அத்தையின் முகத்தைப் பார்த்தாள். மீதி வாக்கியம் தேவைப்படவில்லை.

புவனேஸ்வரி பேசினாள். குற்றவாளி வாக்குமூலம் கொடுப்பதுபோல் தாழ்ந்த குரலில் பேசினாள்.

"வகுப்பு அம்புட்டும் போன்லதான் நடத்துறாகளாம். 'வீடு கட்டுறதுலயே அப்பா திண்டாடுறாரு, வீட்டுல சொல்லிறாதீங்க அத்தை'ன்னு கையப் புடிச்சா. எனக்கு யாரு போன் பண்றா சரசு? எனக்குப் போடுற பேக்குல நெட்டையும் சேத்துத்தான் விக்கிறான். இந்தப் போன்ல நெட்டு எங்க இருக்கு? 'நான் தொடாத நெட்டை எங்க புள்ள போனுக்குத் திருப்பி விடுங்க'ன்னு கடையில கேட்டேன். அப்பிடியெல்லாம் பண்ண முடியாதாம்... அதான் என்னுதை நிறுத்திட்டு அவளுக்குப் போட்டேன். நம்பரு அடுத்த ஆளுக்குப் போயிரும்னு தெரியாது."

"இம்புட்டுப் பேச்சுப் பேசினேனே... ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல மதினி!"

"சொன்னா ஒம் மனசு சுருங்கிரும். இவ நெட்டே வேணாம்னுருவா. என் பேரு கெட்டா நாலு நாள்ல சரியாயிரும்... இவ படிப்பு கெட்டா?"

சரஸ்வதி எழுந்தாள். மடியிலிருந்த பை தரையில் விழுந்தது. அன்று காலையில் அது கீழே இறங்கியது அப்போதுதான். "மதினி..." என்றவள் புவனேஸ்வரியின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, தேற்ற இயலாதபடி அழுதாள். "எம் புள்ளைக்காகப் போனையே சாகடிச்சுட்டு... என் வாயில இம்புட்டும் கேட்டுக்கிட்டு நின்னீகளே... நான் பாவி மதினி!"

"விடு சரசு... காப்பி வேற போடுறேன். விடுன்னா!"

மேகலை இருவரையும் சேர்த்துக் கட்டிக்கொண்டாள். அய்யம்மாள் பூச்சரத்தைக் கையிலெடுத்து, அதில் கண்ணீர் விழாதபடி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அப்போது, சரஸ்வதி நாற்காலியில் விட்டிருந்த போனிலிருந்து மூக்குறிஞ்சும் ஒலி கேட்டது. ஸ்பீக்கரை எவரும் அணைத்திருக்கவில்லை.

"அழுகாதீகம்மா... எனக்கும் அழுகை வருது. இப்பிடி ஒரு மதினி கெடைக்க நீ குடுத்து வச்சிருக்கணும். வேணும்னா நான் கடையில கேட்டு நம்பரைத் திருப்பித் தந்துரட்டா?"

"வேணாங்க்கா, நீங்களே வச்சுக்கோங்க," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு புவனேஸ்வரி முதன்முறையாகச் சிரித்தாள். "ஒங்ககிட்ட இருந்தா அது சும்மா கெடக்காது."

"நீங்களும் பால் காய்ச்சுறதுக்கு வரணும்க்கா!" என்றாள் சரஸ்வதி. "மஞ்சள்தான் போட்டிருக்கு, வந்து பாருங்க."

"பச்சை போட்டிருக்கலாம்... சரி, வாரேன். அடுப்புல பால் இருக்கு, வச்சுர்றேன்."

டக்.

வேலுசாமி கூடையைத் தரையில் வைத்தார்.

"நான் ஒரு தடவையாச்சும் ஒனக்குப் போன் அடிச்சிருந்தா, அன்னிக்கே தெரிஞ்சிருக்கும்," என்றார்.

அன்று மாலையே அவர் புதிய சிம் வாங்கிவந்தார். மறுநாள் காலை பூச்சந்தையின் இரைச்சலுக்கு நடுவிலிருந்து முதல் அழைப்பு வந்தது.

"புவனா... என்ன வெஞ்சனம்?"

"கத்திரிக்கா."

"ம்."

அதன் பிறகு பேச இருவருக்கும் ஒன்றும் இல்லை. ஆயினும் இரு முனையிலும் போனை வைக்காமல், சந்தையில் பூவுக்கு விலை கூவுவதைச் சிறிது நேரம் சேர்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். அன்று தெருமுனையில் ஹாரன் ஒருமுறைதான் ஒலித்தது.

தை மாதத்தில், நத்தத்துப் புது வீட்டின் மஞ்சள் சமையற்கட்டில் புவனேஸ்வரி பாலை அடுப்பில் வைத்தாள். ஓரகத்தி முகத்தைச் சற்றுத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாலும் குத்துவிளக்கின் திரியை அவளே ஏற்றினாள். வெள்ளைத் துப்பட்டியும் கையில் கல்கண்டுத் தட்டுமாக வந்திருந்த ரம்ஜான் பீவி, சுவரைத் தடவிப் பார்த்து, மஞ்சளும் பரவாயில்லை என்று தீர்ப்பு வழங்கினார்.

பால் விளிம்பை நோக்கி ஏறத் தொடங்கியது. அந்த நேரத்தில் புவனேஸ்வரியின் இடுப்பில் மணி ஒலித்தது. அவள் மூடியைத் திறந்து காதில் வைத்தாள்.

"அன்பான வாடிக்கையாளரே, உங்களுக்காக ஒரு சிறப்புச் சலுகை..."

"சொல்லும்மா," என்றாள் புவனேஸ்வரி.

"மதினி, பாலு!"

"பேசிக்கிட்டிருக்கா சரசு... செத்த நேரம் பொறு."

சரஸ்வதி பொறுக்கவில்லை. மதினியின் கையிலிருந்து போனை வாங்கி, "எங்க மதினிக்கு இப்ப நேரமில்லைம்மா, சோலி கெடக்கு!" என்று அதற்குள் சொன்னாள், சொல்லிவிட்டு டக்கென்று மடக்கினாள். பால் நுரைத்து எழுந்து, நான்கு பக்கமும் பொங்கி வழிந்தது. கூடத்திலிருந்து குலவை எழுந்தது.

"அந்த டக்கு நான் இல்லம்மா!" என்றார் ரம்ஜான் பீவி.

"இல்லக்கா," என்றாள் சரஸ்வதி, போனைத் தானே மதினியின் இடுப்பில் செருகியபடி. "இந்தத் தடவ மடக்கினது நானு. யாரும் எங்க மதினியக் குத்தம் சொல்லாதீக."