மூணாம் நம்பர் டிரம் ஓடுகிறது

கஸ்பார் டிரம்மின் மூடியைத் திறந்தார்.

உள்ளே ஒன்றும் இருக்கக் கூடாது. தோலைப் போட்டுச் சுழற்றுகிற, ஆள் உயர டிரம்; சனிக்கிழமை கழுவிக் காலியாக வைத்தது.

இருந்தது... ஒரு கால். காலில் பளபளவென்று ஷூ.

தோல் பதனிடுகிற அந்தத் திண்டுக்கல் ஷாப்புக்கு ஷூ மாட்டிக்கொண்டு வருகிற ஒரே ஆள், மானேஜர் ஸ்டீபன்ராஜ்!

"மாதாவே..." என்று கஸ்பார் போட்ட அலறல், வாசலில் எஃப்.எம். கேட்டுக்கொண்டிருந்த வாட்ச்மேனுக்கு எட்டவில்லை.

*

மதியம் இரண்டு மணி.

நாகல்நகரில் தோல் ஷாப் முதலாளி கண்ணுசாமியின் வீடு. சப்-இன்ஸ்பெக்டர் நசீம் பானு நாற்காலியில். ஏட்டு ஒச்சாயி வாசற்படியில். நடுவே கைவிலங்கோடு கஸ்பார்.

"சாட்சி எதுக்குங்க மேடம்? நானே பார்த்தேனுங்க," என்றார் கண்ணுசாமி.

"நீங்க வீட்லதானே இருந்தீங்க?"

"வீட்ல இருந்துதான் பார்த்தேனுங்க."

பெருமையோடு கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். புதிதாக வந்த பிராட்பேண்ட். திரையில் எட்டு டிரம்கள். எது ஓடுகிறது, எது நிற்கிறது, எத்தனை சுற்று என்று நிமிஷத்துக்கு நிமிஷம் மாறிக்கொண்டிருந்தது.

"அங்க டிரம் சுத்துனா இங்க கோடு பச்சையாகும். ஆறு மாசமா சோறு தண்ணி இல்லாம இதைத்தான் பார்க்குறேன். உலகத்துல எந்த மூலையில உக்காந்தும் பார்க்கலாமுங்க. நம்ம முகேஷ்குமார் தம்பி மாட்டிக் கொடுத்தது."

சோபாவில் இருந்த முகேஷ்குமார் அடக்கமாகச் சிரித்தான். சின்னாளபட்டிப் பையன். டை கட்டியிருந்தான்.

திரையில் மூன்றாவது டிரம்முக்கு நேரே பச்சைக் கோடு. பன்னிரண்டு ஐந்துக்கு ஆரம்பம். பன்னிரண்டு இருபதுக்கு முடிவு.

நசீம் பானு கேட் ரிஜிஸ்டரைப் புரட்டினாள். "ஞாயித்துக்கெழமை, ஷாப் லீவு. உள்ள மானேஜர் மட்டும். பதினொண்ணு இருபதுக்கு முகேஷ்குமார் உள்ள. பதினொண்ணு அம்பத்தெட்டுக்கு வெளிய. பன்னெண்டுக்கு கஸ்பார் உள்ள. அப்புறம் யாரும் வரலை."

"அப்ப பன்னெண்டு அஞ்சுக்கு டிரம்மை ஓட விட்டது யாருங்க? இவன்தானுங்க," என்றார் கண்ணுசாமி.

"நான் சுவிட்சையே தொடலைம்மா," என்றார் கஸ்பார். "ஞாயித்துக்கெழமைன்னா பதினொண்ணரைக்கு வந்து, தண்ணி விட்டு, பன்னெண்டு அஞ்சுக்கு அந்த டிரம்மை ஓட விடுறதுதான் என் வேலை. இன்னிக்கு லேட்டாயிருச்சு. தண்ணி விடலாம்னு மூடியத் தொறந்தா... இப்பிடி."

"பன்னெண்டரை வரைக்கும் வாட்ச்மேன்கிட்ட ஏன் சொல்லலை?"

"கால் நகரலைம்மா. ஜெபமாலைய எடுத்து வச்சுக்கிட்டு அங்கயே உக்காந்துட்டேன்."

"ஏன் லேட்டு?"

கஸ்பாருக்குக் குரல் உடைந்தது. "பூசையில எம்மக ஏஞ்சலினுக்கு மொத கல்யாண ஓலை வாசிச்சாங்க. இன்னும் ரெண்டு ஞாயிறு வாசிச்சா கல்யாணம். அப்பன் கொலைகாரன்னு தெரிஞ்சா மாப்ள வீட்டுக்காரங்க ரெண்டாவது ஓலைக்கு வரமாட்டாங்கம்மா."

அழுதுவிட்டார். ஒச்சாயி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இருபது வருஷ சர்வீசில் அவள் பார்க்காத அழுகை இல்லை. இது நடிப்பில்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் கோர்ட்டில் அதை எந்த ரிஜிஸ்டரில் எழுதுவது?

"மேடம், நம்ம உள்ள வர்றப்ப ரெண்டு மணின்னு சொன்னீக," என்றாள் மெதுவாக. "இவுக வீட்டுச் செவுத்துல ரெண்டேகாலு ஆகுது. நம்ம இம்புட்டு நேரமாவா பேசிக்கிட்டிருக்கோம்?"

நசீம் பானு தன் வாட்சைப் பார்த்தாள். இரண்டு ஐந்து.

சுவரில் இரண்டேகால்.

கம்ப்யூட்டர் மூலையிலும் இரண்டேகால்!

"ஏங்க, உங்க கடிகாரம்..."

"பத்து நிமிஷம் முன்னாடி வச்சிருக்கேனுங்க," என்றார் கண்ணுசாமி. "அப்பத்தான் பஸ்ஸைப் பிடிக்க முடியும். வீட்ல எல்லாக் கடிகாரமும் அப்படித்தான். கம்ப்யூட்டரை மட்டும் விட்டா குழப்பமாகுதுன்னு அதையும் சேர்த்து வச்சுட்டேனுங்க."

"முகேஷ், இந்த ஸ்கிரீன்ல தெரியுற மணி எங்கேருந்து வருது?"

"பார்க்குற கம்ப்யூட்டர்ல இருந்து மேடம்..."

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது என்ன என்று அவனுக்கே உறைத்தது. டையைத் தளர்த்தினான்.

"அப்ப இது பன்னெண்டு அஞ்சு இல்லை. பதினொண்ணு அம்பத்தஞ்சு," என்றாள் நசீம் பானு. "அந்த நேரத்துல கஸ்பார் கேட்டைக்கூடத் தாண்டலை. உள்ள இருந்தது ரெண்டே பேர். ஒருத்தர் டிரம்முக்குள்ள."

ஒச்சாயி எழுந்து வாசலை மறித்து நின்றாள். அவள் நின்றால் வாசலில் மிச்ச இடம் இருக்காது.

"மேடம், அதை வச்சு என்னை அரெஸ்ட் பண்ண முடியாது," என்றான் முகேஷ்குமார். நெற்றியெல்லாம் வியர்வை. "அந்தக் கோடு உண்மையில்லை."

"செத்த முன்னாடி உண்மையா இருந்துச்சே?"

"இல்லை மேடம். டிரம்ல சென்சாரே கிடையாது. எந்த டிரம் எப்ப ஓடும்னு ஷாப்புல டைம்டேபிள் இருக்கு. அதைத்தான் எழுதி வச்சிருக்கேன். ஞாயித்துக்கெழமை பன்னெண்டு அஞ்சானா மூணாம் டிரம் பச்சையாகும். டிரம் ஓடினாலும் ஆகும், ஓடாட்டியும் ஆகும். சுத்து எண்ணிக்கையை கம்ப்யூட்டரே குத்துமதிப்பா போட்டுக்கும். இது எவிடன்ஸே இல்லை மேடம்!"

கண்ணுசாமி நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

நசீம் பானுவுக்கும் தூக்கிவாரிப் போட்டது. பத்து நிமிஷக் கணக்கு மொத்தமும் காற்றில் போய்விட்டது. ஆனால் முகம் மாறாமல் கேட்டாள்.

"சென்சார் இல்லைங்கிறது வேற யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது. ஸ்டீபன்ராஜ் சாருக்கு மட்டும்தான்..."

"அவருக்கு எப்பத் தெரிஞ்சுது?"

"இன்னிக்குக் காலைல..."

நிறுத்தினான். டூ லேட்.



"நல்ல மனுசன், ஷூவோட எதுக்கு டிரம்முக்குள்ள எறங்குனாருன்னு மண்டையப் பிச்சுக்கிட்டேன்," என்றாள் ஒச்சாயி. "இல்லாத சென்சாரைத் தேடித்தான் எறங்குனாரா?"

முகேஷ்குமார் தரையைப் பார்த்தான்.

"போன வாரம் மூணாம் டிரம் ரிப்பேர். ஆனா ஸ்கிரீன்ல ஓடிக்கிட்டிருந்துச்சு. அதுல சந்தேகப்பட்டுட்டார். சென்சாரைக் காட்டுன்னார். உள்ள இருக்கு சார்னு சொன்னேன். டார்ச்சை எடுத்துக்கிட்டு எறங்கிட்டார். 'ஒண்ணுமே இல்லையேடா, முதலாளிகிட்ட இப்பவே சொல்லப் போறேன்'னு உள்ள இருந்தே கத்தினார். நாளைக்குப் பதினாறு மில்லுல இதையே மாட்டப் போறேன் மேடம்... மூடியைச் சாத்திட்டு சுவிட்சைப் போட்டுட்டேன். சத்தம் அடங்குனதும் அணைச்சுட்டு வெளிய வந்துட்டேன்."

ஒச்சாயி கஸ்பாரின் விலங்கைக் கழற்றினாள். "போ அப்பு. ரெண்டாவது ஓலைக்கு நாங்களும் வாரோம்." அந்த விலங்கு சூடு ஆறுவதற்குள் முகேஷ்குமார் கையில் ஏறியது.

கஸ்பார் இரண்டு பெண்களையும் கும்பிட்டார்.

கண்ணுசாமி இன்னும் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பூட்டிக் கிடந்த தோல் ஷாப்பில் ஐந்தாம் டிரம் அழகாகப் பச்சையாக ஓடிக்கொண்டிருந்தது.

"ஏனுங்க... அப்ப ஆறு மாசமா நான் சோறு தண்ணி இல்லாம பார்த்துக்கிட்டிருந்தது என்னதானுங்க?"

ஒச்சாயி தொப்பியை மாட்டிக்கொண்டாள்.

"சீரியல்ங்கய்யா. டைரக்டரைக் கூட்டிட்டுப் போறோம், டிவிய அமத்துங்க."