கொஞ்சம் யோசித்து நிற்கிறது

காலை எட்டரைக்கெல்லாம் நான் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். சேலம் மீட்பழைப்பு வாரியத்தில் எனக்குச் செவியாள் வேலை. ஒரு நாளைக்கு நூற்றிருபது குரல்கள், எல்லாம் வண்டிக்காரர்களின் புலம்பல். பின்கதவு மழைக்கு ஒழுகுகிறது, கண்ணாடித் துடைப்பான் கீச்சிடுகிறது, ஏசி போட்டால் கருவாட்டு வாடை அடிக்கிறது. இருபத்திரண்டு வருடமாகக் கேட்கிறேன். ஊரார் சொல்வதையெல்லாம் கேட்பவர் தான் சொல்வதை மட்டும் காதில் போட்டுக்கொள்வதில்லை என்று என் மனைவி ஒரு குறை வைத்திருக்கிறாள். அதை விசாரிக்கத் தனி வாரியம் இல்லாதது என் அதிர்ஷ்டம்.

ஒரு காலத்தில் குறைகளை எழுதி அனுப்பினார்கள். பிறகு எழுதும் இயந்திரங்கள் பெருகின. ஒரு கார் கம்பெனிக்கு ஆகாதவர்கள் அதன் வண்டியைப் பற்றி ஒரே நாளில் பத்து லட்சம் பொய்க் குறைகளை எழுதித் தள்ள, அந்தக் கம்பெனி இருபது லட்சம் பொய்ப் பாராட்டுகளை எழுதித் தள்ள, எதை மனிதன் எழுதினான் என்று யாருக்கும் தெரியாமல் போயிற்று. அப்போது வந்ததுதான் வாய்மொழிச் சட்டம். குறை சொல்ல வேண்டுமானால் உரிமையாளர் தன் வண்டிக்குள் உட்கார்ந்து, பெல்ட் மாட்டிக்கொண்டு, சொந்த வாயால் சொல்ல வேண்டும். வண்டியில் இருக்கும் சாட்சிப்பெட்டி அந்தக் குரலுக்கு முத்திரையிட்டு எங்களுக்கு அனுப்பும்.

வண்டி எங்கே போனது, எப்படி நின்றது என்ற விவரமெல்லாம் அந்தப் பெட்டிக்குள் இருக்கும். ஆனால் அது உரிமையாளரின் சொத்து. ஒரே பழுதைப் பற்றி நாற்பது உரிமையாளர்கள் வாய் திறந்தால்தான் பெட்டிகள் திறக்கும். பழுது உண்மையென்றால் அந்த மாடல் வண்டிகள் அத்தனையையும் கம்பெனி திரும்ப அழைத்துச் சரிசெய்து தர வேண்டும். அதுதான் மீட்பழைப்பு. விற்பனை தொடங்கி ஆறு வருடத்துக்குள் அந்த நாற்பது குரல் சேராவிட்டால் பிறகு யாரும் எதுவும் செய்ய முடியாது. நல்ல சட்டம் என்றுதான் நானும் நம்பிக்கொண்டிருந்தேன்.

குறையையும் பாராட்டையும் பிரித்துப் போடத் தரம்பிரிப்பான் என்ற இயந்திரம் உண்டு. புதன்கிழமைகளில் பாராட்டுக் குவியலில் இருந்து சிலதை எடுத்துச் சரிபார்க்க வேண்டும் என்பது விதி. வேறு யாரும் அதைச் செய்வதில்லை. வீட்டில் கிடைக்காத பாராட்டை அலுவலகத்திலாவது கேட்போமே என்று நான் செய்வேன். அப்படி ஒரு புதன்கிழமை வந்ததுதான் கொல்லிமலையிலிருந்து அந்தக் குரல். வண்டி, சிட்டு என்ற சிறிய மின்சார ஹேட்ச்பேக். ஐந்து பேர் நெருக்கி உட்காரலாம். மலைக்காரர்களுக்கு அது வாகனம் மட்டுமல்ல, வீட்டில் ஓர் ஆள்.

"உங்கள் குறையைச் சொல்லுங்கள்" என்றது வண்டி. பிறகு ஒரு பெண் குரல் வந்தது. "குறைன்னு ஒண்ணும் இல்லைங்க. தங்கமான வண்டி. இறக்கத்துல மட்டும்... கொஞ்சம் யோசிச்சு நிக்குது." அதற்கப்புறம் விசும்பல்தான் கேட்டது. தங்கம் என்ற சொல்லைக் கேட்டதும் தரம்பிரிப்பான் அதைப் பாராட்டில் சேர்த்துவிட்டது.

பிரேக் யோசிக்கக் கூடாது. அந்த மலையிலிருந்து வந்த சிட்டுப் பாராட்டுகளை எல்லாம் தோண்டி எடுத்தேன். நான்கு வருடத்தில் முப்பத்தொன்று. "கீழ எறங்கறப்ப குஷியாயிடுது." "அது மனசு வெச்சா நிக்கும்ங்க." "எட்டுக்கை அம்மா புண்ணியத்துல எறங்கறப்ப ஒரு கொறையும் இல்லை." முப்பத்தொரு பேர் தங்கள் வண்டியைப் புகழ்ந்திருந்தார்கள். எல்லோருமே இறக்கத்தையோ நிற்பதையோ சொல்லித்தான் புகழ்ந்திருந்தார்கள்.

மேலதிகாரி ரெஹானா பொறுமையாகக் கேட்டார். "ஜெர்வின் சார், பாராட்டை வெச்சுக்கிட்டு மீட்பழைப்பு போட முடியாது. பழுதை நேராச் சொல்லணும். சிட்டுக்கு ஆறு வருசம் சனிக்கிழமையோட முடியுது, தெரியும்ல?"

"மலையில நாற்பத்திநாலு சிட்டு ஓடுது மேடம். நான் போய் நாற்பது பேரைச் சொல்ல வைக்கிறேன்."

"என்ன சொல்லணும்னு மட்டும் சொல்லிக் குடுத்துடாதீங்க. அது குத்தம். பக்கத்துல நில்லுங்க, அவ்வளவுதான்."

வியாழக்கிழமை காலை பஸ்ஸில் மலையேறினேன். எழுபது கொண்டை ஊசி வளைவுகள். மலைப்பாதையில் தானோட்டம் செல்லாது என்பதால் இன்னும் மனிதர்கள்தான் ஸ்டியரிங்கைப் பிடிக்கிறார்கள். அந்தக் குரலுக்குரியவர் செம்மேட்டு ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவிலியர். பெயர் இலக்கியா, நாற்பத்தைந்து வயது. பிரசவ வலி கண்ட பெண்களை ஆம்புலன்ஸுக்குக் காத்திராமல் தன் சிட்டிலேயே கீழே கொண்டுபோய்ச் சேர்ப்பவர். வண்டியில் சந்தனப் பொட்டும், கண்ணாடியில் காய்ந்த எலுமிச்சம்பழமும் இருந்தன.

"பிரேக் பிடிக்காதான்னு மட்டும் சொல்லுங்கம்மா" என்றேன். பதறிப்போய் என்னை வண்டியிலிருந்து பத்தடி தள்ளிக் கூட்டிக்கொண்டு போனார்.

"வண்டிகிட்ட நின்னுக்கிட்டு இப்படிப் பேசலாமா சார்?" என்று கடிந்துவிட்டு, தாழ்ந்த குரலில் விவரமாகச் சொன்னார். "இறங்கறப்ப மோட்டாரே வண்டியை இழுத்துப் பிடிச்சு, அந்தக் கரண்ட்டை பேட்டரிக்குக் குடுக்கும். பேட்டரி முழுசா ரொம்பியிருந்தா எங்கே வாங்கும்? வயிறு நிறைஞ்ச புள்ள மாதிரிதான், வாங்காது. மோட்டார் விட்டுடும். அப்புறம் சக்கரத்துப் பிரேக் வந்து பிடிக்கிறதுக்கு ஒரு மூச்சு நேரமாகும். அதனால நாங்க முக்கால் சார்ஜுக்கு மேல போடறதில்லை. மலையில எல்லாருக்கும் தெரியும்."

எனக்கு வியப்பாக இருந்தது. கம்பெனிப் பொறியாளர்கள் சமவெளியில் ஓட்டிப் பார்த்துக் கண்டுபிடிக்காததை இவர்கள் கண்டுபிடித்து, அதற்கு மருந்தும் கண்டுபிடித்துவிட்டார்கள். "எல்லாருக்கும் தெரிஞ்சும் ஒருத்தர்கூட ஏன் குறை சொல்லலை?"

"வண்டிக்குள்ள உட்கார்ந்துதான சொல்லணும்ங்கறீங்க? பெல்ட்டைப் போட்டுக்கிட்டு, பிரேக் பிடிக்கலைன்னு வாயால சொல்லிட்டு, அதே வண்டியில எழுபது வளைவு இறங்கறதா?"

நான் சிரித்தேன். நான் கிறிஸ்தவன், சகுனமெல்லாம் பார்ப்பதில்லை என்றேன். அவர் சிரிக்கவில்லை. சாவியை நீட்டினார். "அப்ப நீங்க போய் உட்கார்ந்து சொல்லுங்க பார்க்கலாம். சொன்ன கையோட உங்களைக் கீழ கொண்டுபோய் விடறேன்."

உட்கார்ந்தேன், பெல்ட்டும் மாட்டினேன். கண்ணாடி வழியே முதல் வளைவு தெரிந்தது, அதற்கப்பால் வானம்தான். வாயைத் திறந்தேன். நாக்கு எழும்பவில்லை. என் அம்மா காரில் ஏறியதும் "இயேசப்பா" என்று சொல்லி நெஞ்சில் சிலுவை போடுவது ஞாபகம் வந்தது. இறங்கிச் சாவியைத் திருப்பிக் கொடுத்தேன். இலக்கியா என்னைக் கேலி செய்யாமல் விட்டது அவருடைய பெருந்தன்மை.

"நீங்க மட்டும் ஏன் போன வாரம் உட்கார்ந்தீங்க?" என்று கேட்டேன். அவர் முகம் மாறிவிட்டது.

ஜூன் மாதம் சஷ்டிகா என்றொரு டீச்சர் ராசிபுரத்திலிருந்து மலைப் பள்ளிக்கு வேலை கிடைத்து வந்திருக்கிறார். இருபத்தாறு வயது. முதல் சம்பளத்தைக் கட்டி ஒரு சிட்டு எடுத்தார். கோயில் வாசலில் மாலை போட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றி, எல்லோருக்கும் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தார். இலக்கியாவும் வாங்கிச் சாப்பிட்டார்.

"அன்னைக்கே சொல்லியிருக்கணும் சார். மாலை போட்டு நிக்கிற புது வண்டிகிட்டப் போய் எப்படிச் சொல்றது? நாளைக்குச் சொல்லிக்கலாம்னு விட்டேன். அதுக்கப்புறம் எப்பப் பார்த்தாலும் வண்டிக்குள்ளயே உட்கார்ந்து கையாட்டிட்டுப் போவாங்க. அந்தப் பொண்ணு முகத்துல அப்படி ஒரு சந்தோசம். ஒம்பதாவது நாள் முழு சார்ஜோட இறங்கிட்டாங்க. நாப்பத்தோராவது வளைவு." அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இப்ப சேலம் ஆஸ்பத்திரியில நினைவில்லாம கிடக்காங்க. எல்லாருக்கும் தெரியும்னேனே, அவங்களுக்குத் தெரியாது."

அன்று முழுவதும் வீடு வீடாகப் போனேன். எல்லா வீட்டிலும் காப்பி கொடுத்தார்கள். மிளகு வியாபாரி பிரவீனுக்கு எழுபது வயதிருக்கும், ஊரே பெரியப்பா என்கிறது. "வெளிய நின்னு எவ்வளவு வேணா சொல்றேன் தம்பி, எழுதிக்க. உள்ள உட்கார்ந்து மட்டும் மாட்டேன்" என்றார். எழுதியது செல்லாது என்றேன். அப்படியானால் இன்னொரு காப்பி குடி என்றார். மாலைவரை ஒருவரும் வண்டிக்குள் ஏறவில்லை. நாளை மறுநாள் சனிக்கிழமை. ஏற்காட்டிலும் வால்பாறையிலும் இன்னும் எத்தனை சஷ்டிகாக்கள் மாலை போட்டுக்கொண்டிருக்கிறார்களோ என்று நினைக்க நினைக்க எனக்கு ஆத்திரமாக வந்தது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் செய்தி வந்தது. டீச்சர் போய்விட்டார்.

மலையே ராசிபுரத்துக்குக் கிளம்பியது. முக்கால் சார்ஜோடு நாற்பத்திரண்டு சிட்டுகள் வரிசையாக இறங்கின. நான் இலக்கியாவின் வண்டியில் இருந்தேன். நாற்பத்தோராவது வளைவில் எல்லோரும் வேகத்தைக் குறைத்தார்கள், யாரும் ஹார்ன் அடிக்கவில்லை. சாவு வீட்டில் டீச்சரின் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லா ஓட்டுவாளே சார்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். நான் தலையை ஆட்டினேன்.

சாயங்காலம் திரும்பும்போது மலையடிவாரத்தில் காரவள்ளியில் எல்லா வண்டிகளும் நின்றன. சாவு வீட்டுக்குப் போய்வந்த தீட்டோடு மலையேற மாட்டார்கள். அங்கே குழாயடியில் கைகால் அலம்பி, வண்டியையும் கழுவிவிட்டுத்தான் ஏறுவார்கள். இலக்கியா குழாயை மாட்டித் தண்ணீரைத் திறந்தவர், வண்டியைப் பார்த்தபடி அப்படியே நின்றுவிட்டார். பிறகு தண்ணீரை நிறுத்தினார்.

"என்ன பாப்பா, கழுவலையா?" என்றார் பிரவீன்.

"கழுவறதுக்கு முன்னாடி பேசிடலாம் பெரியப்பா. வண்டி சாவு வீட்டுக்கே போய்ட்டு வந்துடுச்சு. இதுக்கு மேல என்ன கெட்ட வார்த்தை இருக்கு? இப்பச் சொல்லிட்டுக் கழுவிட்டா, எல்லாம் சேர்ந்து போயிடும்."

பிரவீன் தாடையைத் தடவினார். "நான் மொதல்ல சொல்றேன்" என்று தன் சிட்டில் ஏறிக் கதவைச் சாத்தினார். பிறகு ஒவ்வொரு கதவாகச் சாத்தப்படும் சத்தம் கேட்டது. நான் புளியமரத்தடியில் நின்றேன். கண்ணாடிகளுக்குப் பின்னால் வாய்கள் அசைவது தெரிந்தது, ஒரு சொல்லும் என் காதில் விழவில்லை. இருபத்திரண்டு வருடத்தில் நான் கேட்காமல் பார்த்த குறைகள் அவைதான். கடைசியாகக் கதவைத் திறந்தவர் இலக்கியா. பிறகு எல்லோரும் வெகுநேரம் வண்டிகளைக் கழுவினார்கள்.

சனிக்கிழமை காலை நாற்பத்திரண்டு குரல்களும் என் மேசைக்கு வந்திருந்தன. நாற்பத்தொன்று தெளிவான குறைகள். "பிரேக் ஒரு மூச்சு நேரம் பிடிக்கலை" என்று பிரவீன் பெரியப்பா பத்திரம் வாசிப்பதுபோல் சொல்லியிருந்தார். ஒன்றை மட்டும் தரம்பிரிப்பான் ‘தனிப்பட்ட பேச்சு, நீக்கலாம்’ என்று ஒதுக்கியிருந்தது. அதைப் போட்டுக் கேட்டேன்.

"உங்கள் குறையைச் சொல்லுங்கள்" என்றது வண்டி.

"டீச்சர், ஒரு நிமிசம் வண்டியை விட்டு இறங்குங்க. ஒண்ணு சொல்லணும். முழுசா சார்ஜ் போட்டுட்டு மலை இறங்காதீங்க டீச்சர். முக்கால் போதும். முழுசாப் போட்டா பிரேக் பிடிக்காது. கோவிச்சுக்காதீங்க, புது வண்டி வாங்கியிருக்கறப்ப சொல்றேன்னு. அன்னைக்கே சொல்ல வந்தேன்."

காதொலிப்பானைக் கழற்றி வைத்துவிட்டு அழுதேன். பக்கத்து மேசைக்காரர் பார்த்தால் பார்க்கட்டும் என்றிருந்தது. பிறகு தரம்பிரிப்பானின் குறிப்பை அடித்துவிட்டு, குறை, ஏற்கப்பட்டது என்று என் கையால் பதிந்தேன்.

பெட்டிகள் திறந்தன. பழுது உண்மை என்று பத்தே நாளில் தெரிந்துவிட்டது. மீட்பழைப்பு அறிவிப்போடு உரிமையாளர் ஒருவரின் குரலையும் சேர்த்து எல்லா வண்டிகளுக்கும் அனுப்ப வேண்டும் என்பது விதி. பிரவீனுடைய குரல் தெளிவாக இருக்கிறதே என்றார் ரெஹானா. நான் இலக்கியாவின் பதிவைப் போட்டுக் காட்டினேன். அவர் அதற்கே ஒப்புதல் போட்டார். இலக்கியாவைக் கூப்பிட்டு, ஊரெல்லாம் கேட்கும், சம்மதமா என்றேன். "அவங்களுக்குச் சொன்னதுதான் சார். இன்னும் எத்தனை டீச்சர் இருக்காங்களோ, போடுங்க" என்றார்.

அடுத்த திங்கட்கிழமை காலை, ஏற்காட்டிலும் வால்பாறையிலும் கோத்தகிரியிலும் மூணாற்றிலும், சமவெளி ஊர்களிலும், இரண்டு லட்சத்துப் பத்தாயிரம் சிட்டுகள் கிளம்பும்போது அந்தக் குரலில் பேசின. பெல்ட்டை மாட்டிய ஒவ்வொருவரையும் அது டீச்சர் என்று கூப்பிட்டு, இறங்கச் சொன்னது.

புதன்கிழமைக்குள் எனக்கு எழுநூறு புதுக் குறைகள் வந்துவிட்டன. காலங்காத்தால வண்டிக்குள்ள இப்படி அபசகுனமாப் பேசலாமா, குழந்தைங்க பயப்படுது, உங்க வாரியத்துக்கு விவஸ்தையே இல்லையா என்று திட்டியிருந்தார்கள். வால்பாறை மாமா ஒருவர் மூன்று நிமிடம் விடாமல் வைதுவிட்டு, கடைசியில் குரலைத் தணித்து, "சரி, முக்கால்தான் போட்டிருக்கேன்" என்று முடித்திருந்தார்.

எழுநூறையும் பாராட்டுக் குவியலில் சேர்த்தேன்.