ஒரே ஒரு வரி மாறியது

மருத்துவமனையின் கம்ப்யூட்டர் அறையில் உட்கார்ந்து, அக்காவின் நோயாளி எண்ணைக் கொடுத்து அந்த ஒரு வரியை மட்டும் கேட்டாள். கம்ப்யூட்டர் உடனே கொடுத்தது. பெயர், வயது, மூன்றாம் மாடி, குடல்வால் ஆபரேஷன், எல்லாம் சரி. நிலை என்ற கட்டத்தில் மட்டும் ‘இறந்தார்’ என்றிருந்தது. நேரம், மாலை 4.10.

சுவர்க் கடிகாரத்தில் மணி நான்குகூட ஆகவில்லை.

"சார், இதை யார் தொட்டது?"

மேனேஜர் டீயை உறிஞ்சினார். "விடியக்காலையில ஒரு பேஷன்ட் போயிட்டாரில்ல, அதை நான்தாம்மா போட்டேன். ஒரு வரி வேலை. இதுக்குப் போய் உன்னைக் கூப்பிடணுமா?"

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எந்த நோயாளிக்கு என்ற நிபந்தனையை எழுதாமலே மனிதர் தட்டியிருக்கிறார். விடியற்காலையை மாலையாக்கியது போதாதென்று, மருத்துவமனைப் பட்டியலில் இருந்த அத்தனை பேரையும் ஒரே தட்டில் சாகடித்திருக்கிறார். போன மாதம் காய்ச்சலில் இங்கேயே படுத்திருந்த தன்னையும், சர்க்கரைக்கு இங்கேயே மருந்து வாங்கும் அவரையும் சேர்த்து.

"படிச்சுப் படிச்சுச் சொன்னேனே சார்! மேல என் அக்கா படுத்திருக்கா!"

"கத்தாதம்மா. பேக்கப்ல இருந்து எடுத்துப் போடு. இப்ப யாரு செத்துட்டா?"

பேக்கப்பில் இருக்கும் நேற்றைய நகல் ஏற அரைமணி நேரமாகும். அதுவரை அந்தச் சொல்லை அக்காவின் பெயருக்குப் பக்கத்தில் பார்த்துக்கொண்டிருக்க அவளால் முடியாது. அக்காவின் எண்ணை மட்டும் நிபந்தனையாகப் போட்டு, கீபோர்டே உடைகிற மாதிரி அடித்து, ‘சிகிச்சையில்’ என்று மாற்றினாள். ஒரு வரி மாறியது என்றது திரை.

பேக்கப்பை ஓடவிட்டு உட்கார்ந்தாள். எந்நேரமும் மருந்து நெடியோடு மாடியிலிருந்து இறங்கிக்கொண்டே இருக்கும் ஸ்ட்ரெச்சர் சக்கரங்களின் உருளலும், லிஃப்ட் கதவின் முனகலும், யாரோ விடாமல் இருமுவதும் திடீரென்று அடங்கின. ஏசி மட்டும் ஓடியது. மணி 4.10.

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்கத் திரும்பினாள்.

மேனேஜரின் தலை மார்பில் தொங்கியிருந்தது. சூடான டீ மடியில் கொட்டியிருந்தது. அவர் துடைக்கவில்லை.

போன் அடித்தது. அக்கா.

"என்னடி இது, வார்டே தூங்கிடுச்சு. நர்ஸ் அலறிக்கிட்டு ஓடிட்டா."

"அக்கா, எழுந்து வெளிய வா. இப்பவே."

"எப்படிடி, தையல்..."

கட்டில் கிறீச்சிட்டது. இன்னொன்று. பல.

"எழுந்துட்டாங்க." அக்காவின் குரல் இறங்கியது. "எல்லாரும். என்னையே பாக்கறாங்கடி."

அவளுக்குப் பின்னால் நாற்காலி உருண்டது. மேனேஜர் எழுந்து நின்றார். அவளைப் பார்க்கவில்லை; அவள் பெயருக்குப் பக்கத்திலும் இன்னும் ‘இறந்தார்’தான். முகத்தை மேலே, மூன்றாம் மாடியின் பக்கம் திருப்பியபடி, ஈரப் பேன்ட்டோடு படிக்கட்டை நோக்கி நடந்தார்.