இருட்டுக்கோட்டையின் ஐந்தாவது நிறம்

ஞாயிற்றுக்கிழமை மாலை. ஐந்தாவது லிப்ஸ்டிக்கைப் பூசி முடித்த மேனகா கண்ணாடியைப் பார்த்தாள். அத்தோடு அவள் பேச்சு நின்றுபோனது. கீழுதடு ஒரு பக்கமாகப் பருத்திருந்தது. நேரலையைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களில் ஒருவர், "அக்கா, உங்க உதடு ஏன் வீங்குது?" என்று எழுதினார். இன்னொருவர், "லிப்ஸ்டிக்ல விஷம்" என்றார். பிறகு எல்லோரும் அதையே எழுதினார்கள். மேனகா கேமராவைப் பார்த்து, "இந்த லிப்ஸ்டிக்தான் மக்களே. எரியுது. யாரும் வாங்காதீங்க," என்று சொல்லி நேரலையை நிறுத்தினாள்.

மறுநாள் காலை எஸ்.ஐ. நிர்மலாதேவி அந்தக் காட்சியை ஸ்டேஷனில் உட்கார்ந்து பார்த்தார். அதற்குள் புதுச்சேரியில் பாதிப்பேர் பார்த்துவிட்டிருந்தார்கள். பங்குனி வெயில் பத்து மணிக்கே மண்டையைப் பிளந்தது. மின்விசிறி சுற்றுவதாகப் பாவனை செய்துகொண்டிருந்தது. எதிரே மேனகாவின் தம்பி செல்வகுமார், புகாரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"கொலை முயற்சின்னு போடுங்க மேடம்."

"உதட்டுலயா?"

"அக்காவால பேசவே முடியல. அது வேலையே பேசுறதுதான் மேடம்."

மேக்கப் சாமான்களைப் பூசிப் பார்த்து, நல்லது கெட்டது சொல்வது மேனகாவின் தொழில். இந்தத் தடவை அவளுக்கு வந்தது 'இருட்டுக்கோட்டை' என்ற கைப்பேசி விளையாட்டின் பெயரில் செய்த லிப்ஸ்டிக் பெட்டி. அந்த விளையாட்டில் வேங்கை என்றொரு பெண் ஐந்து கட்டங்களைத் தாண்டிப்போய் ராட்சசியை அடிக்கவேண்டும். கட்டத்துக்கு ஒரு நிறம்: அகழி, கொடிவாசல், பாம்புக்கிணறு, எரிமேடை, ராட்சசி. பெட்டியே கோட்டை வடிவம். கதவைத் திறந்தால் முரசு கொட்டும். செல்வகுமார் மூன்று தடவை திறந்து காட்டினான். நான்காவது தடவை கை போனபோது நிர்மலாதேவி பெட்டியைப் பிடுங்கி மேசை இழுப்பறையில் போட்டார். இழுப்பறைக்குள்ளும் அது ஒரு தடவை கொட்டியது.

அதே நேரம் இன்ஸ்பெக்டர் போனில் வந்தார். "தட்டாஞ்சாவடியில இருக்காம்மா அந்த லிப்ஸ்டிக் யூனிட். மேலேயிருந்து பேசுறாங்க. சாயங்காலத்துக்குள்ள வேற காரணம் எதுவும் கெடைக்கலன்னா சீல் வெச்சுடு."

"ஐயா, பரிசோதனை ரிப்போர்ட் வர வேணாமா?"

"அது வரும்போது வரும்."

நிர்மலாதேவி போனை வைத்துவிட்டு ஏட்டு கண்ணையனைப் பார்த்தார். கண்ணையன் தன் போலீஸ் சிவப்புத் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார். பதில் சொல்லாமல் தப்பிக்க அவருக்கு அது ஒரு வழி.

முதலில் ஜீப் போனது மேனகாவின் வீடு இருந்த சாரம் பகுதிக்கு. மாடியில் மேனகாவின் அறை. ஒரு பக்கச் சுவர் முழுக்க விளக்கும் கண்ணாடியும், மறுபக்கம் துவைக்காத துணிக் குவியல். மேனகா கட்டிலில் உட்கார்ந்து, ஐஸ் சுற்றிய வெள்ளைத் துண்டை வாயில் அழுத்திக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து முகம் கழுவியிருந்தாள், பொட்டுகூட இல்லை. கேள்விக்கெல்லாம் போனில் எழுதிக் காட்டினாள். நீளமான ஒட்டு நகங்களை வைத்துக்கொண்டு அவள் ஒவ்வோர் எழுத்தாகக் குத்துவதைப் பார்த்துக்கொண்டிருப்பதற்கு நிர்மலாதேவிக்குப் பொறுமை போதவில்லை.

"டாக்டர் என்ன சொன்னாரு?"

'ஏதோ ஒத்துக்கலையாம்.'

"பெட்டி எப்ப வந்துச்சு?"

'வெள்ளிக்கிழமை. சிவசங்கரி வீட்டுல இருந்துச்சு. நான் அம்மா ஊருக்குப் போயிட்டு சனி ராத்திரிதான் வந்தேன்.'

"சிவசங்கரி யாரு?"

"அக்காவோட சிநேகிதி, கேமரா புடிக்கிறது," என்று செல்வகுமார் குறுக்கே விழுந்தான். "ரெண்டு பேருக்கும் ஞாயித்துக்கெழம சண்ட. அதுதான் எதையாவது கலந்திருக்கும். அதையும் எழுதிக்குங்க மேடம்."

மேனகா நிமிர்ந்து தம்பியைப் பார்த்தாள். எழுத ஆரம்பித்தாள், அழித்தாள், போனைக் கவிழ்த்து வைத்தாள்.

"கையை நீட்டும்மா," என்றார் நிர்மலாதேவி. நேரலையில் ஒவ்வொரு நிறத்தையும் உதட்டில் பூசுவதற்கு முன்னால் முன்கையில் ஒரு கோடு தீற்றிக் காட்டியிருந்தாள். இந்தத் தொழிலில் எல்லோரும் அப்படித்தான் செய்வார்களாம். கழுவியும் முழுக்கப் போகாமல் ஐந்து கோடுகளும் மங்கலாகத் தெரிந்தன. தோலில் ஒரு தடிப்பு இல்லை, சிவப்பு இல்லை. மேனகா சட்டென்று கையை இழுத்துத் துண்டுக்குள் வைத்துக்கொண்டாள். ஈரத் துண்டின் ஓரத்தில் தோல் நிறத்தில் ஏதோ ஈஷியிருந்தது. மேக்கப்காரி வீட்டுத் துண்டு வேறு எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொண்டு நிர்மலாதேவி எழுந்தார்.

வாசல்வரை வந்த செல்வகுமார், "வீட்டுல யாருக்கும் சாப்பாடே எறங்கல மேடம்," என்றான். "அம்மா பச்சைமுந்திரிக் கொழம்பு குடுத்தனுப்புனாங்க. நேத்து ராத்திரி நான் ஒருத்தன்தான் சாப்ட்டேன்."

"உனக்கு எறங்கியிருக்கே," என்றார் நிர்மலாதேவி.

சிவசங்கரி இரண்டு தெரு தள்ளி இருந்தாள். கதவைத் திறந்தவள் கண்கள் சிவந்திருந்தன. இரவு முழுக்க முகம் தெரியாதவர்கள் அவளைத் திட்டி எழுதியிருந்தார்கள்.

"எதுக்குச் சண்ட?"

"கையுறைக்கு."

"என்னது?"

"கையுறைக்கு மேடம். வேங்கை வேஷம் போட்டுத்தான் ரிவ்யூ பண்ணணும்னு பேச்சு. அவ எங்கேயிருந்தோ ஒரு கறுப்புக் கையுறைய மாட்டிக்கிட்டு வந்து நிக்கிறா. வேங்கை வெறுங்கையால அடிக்கிறவ. அதான் அந்த கேமே. கழட்டுன்னேன், மாட்டேன்னுட்டா. பாக்குறவங்க கிழிப்பாங்கன்னு சொன்னேன். பாருங்க, அதேதான் ஆச்சு."

அவள் போனை நீட்டினாள். உதடு வீங்கிச் சாகக் கிடக்கிறாளோ என்று ஊரே பதறிக்கொண்டிருந்த இடத்தில், நடுநடுவே சிலர், 'வேங்கைக்கு ஏது கையுறை?' என்று மல்லுக்கு நின்றுகொண்டிருந்தார்கள். ஒருவர் இதற்காக மேனகா மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று எழுதியிருந்தார். நிர்மலாதேவிக்குத் தலை வலித்தது.

"பெட்டிய நீ தொறந்தியா?"

"சீல் போட்டு வந்துச்சு. அவதான் நேரலையில ஒடச்சா. எல்லாரும் பாத்தாங்க."

"அவமேல உனக்கு வேற ஏதாவது கோவம்?"

"நெறைய இருக்கு. ஒரு வாரமா அவளோட நகத்தத்தான் எல்லாரும் தாங்குனோம். எண்ணெ பட்டா பசை விட்டுடும்னு தலைக்குக்கூட எண்ணெ வெக்கல. அதுக்காக யாராச்சும் விஷம் வெப்பாங்களா?" சிவசங்கரி குரல் உடைந்தது. "நான் இல்லன்னு அவ ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம் மேடம். அவ சொல்லவே இல்ல."

தட்டாஞ்சாவடிக்கு ஜீப் போய்ச் சேர்ந்தபோது மதியம் ஆகியிருந்தது. தகரக் கூரை போட்ட பட்டறை. ராஜவேல் வாசலிலேயே நின்றான். நாற்பது வயது, சவரம் செய்யாத முகம். உள்ளே வேலை நின்றிருந்தது. மூடிப்போன பஞ்சாலைகளில் வேலை பார்த்த குடும்பங்களைச் சேர்ந்த பெண்கள் மேசையைச் சுற்றிச் சும்மா உட்கார்ந்திருந்தார்கள்.

"சீல் வெக்க வந்தீங்களா மேடம்?"

"இன்னும் இல்ல. என்னய்யா கலந்த?"

"மெழுகு, எண்ணெ, கலரு." ராஜவேலுக்குக் கோபம் வந்துவிட்டது. "இத்தன வருஷம் அடுத்தவன் பேருக்கு செஞ்சு குடுத்தேன். மொத தடவையா என் பேர்ல போட்டேன். காலையில சென்னை கடைக்காரன் மொத்தத்தையும் திருப்பி அனுப்புறேன்னுட்டான். சீலும் விழுந்துதுன்னா இவங்கள எங்க அனுப்புவேன்? விஷமாம். இந்தாங்க, பாருங்க."

தடுப்பதற்குள் அவன் ராட்சசியைத் திறந்து தன் உதட்டில் அழுத்தி இழுத்தான். கருநீலமும் ஊதாவும் கலந்த நிறம், மீசைக்குக் கீழே பளபளத்தது. கண்ணையன் திரும்பி நின்று இருமினார்.

"எல்லாரும் போட்டுப் பாத்தாச்சு மேடம்," என்றாள் மேசையருகே இருந்த ஒரு பெண். அவள் உதட்டில் பாம்புக்கிணறு. பக்கத்திலிருந்தவள் உதட்டில் எரிமேடை. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

பேசிய பெண் கையில் மாட்டியிருந்த ரப்பர் உறையை நிர்மலாதேவி பார்த்தார். "இது எதுக்கு?"

"கலர் கையில புடிச்சா லேசுல போவாது மேடம். பஸ்ல எல்லாரும் கையத்தான் பாப்பாங்க."

நிர்மலாதேவி அவள் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ராஜவேலின் நாற்காலியில் கேட்காமலேயே உட்கார்ந்து, போனில் மேனகாவின் பழைய வீடியோக்களை ஒவ்வொன்றாகத் திறந்தார். எல்லாவற்றிலும் அந்தப் பெண் ஒரே வசனத்தைச் சொல்லித்தான் ஆரம்பித்தாள்: "விரல்தான் மக்களே என் பிரஷ்." கண்ணுக்கு விரல், கன்னத்துக்கு விரல், உதட்டுக்கும் விரல். நேற்று ஒரு நாள்தான் கையுறை.

"கண்ணையன்."

"சொல்லுங்க மேடம்."

"பச்சைமுந்திரி உங்க வீட்டுல யார் ஒடைப்பாங்க?"

"எங்க வீட்டம்மாதான். ஏன் மேடம்?"

"மொதல்ல என்ன பண்ணுவாங்க?"

"கையில வெளக்கெண்ணெ தடவிக்குவாங்க. இல்லன்னா சாம்பல். கொட்டையில இருக்கிற பால் பட்டா பொத்துப் போயிடுமே." கண்ணையன் நிறுத்தினார். "மேடம்."

"வண்டிய எடுங்க. நீயும் வாய்யா ராஜவேல். அந்தக் கேமராப் பொண்ணையும் வழியில ஏத்திக்கணும்."

மாலை நான்கு மணி. மேனகாவின் அறையில் இப்போது உட்கார இடமில்லை. நிர்மலாதேவி சமையலறையிலிருந்து தேங்காயெண்ணெயைக் கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டு வந்து கட்டிலில் வைத்தார்.

"கைய இதுல வெய்யிம்மா."

மேனகா அசையவில்லை.

"என்ன மேடம் பண்றீங்க?" என்றான் செல்வகுமார். "வெஷம் வெச்சவங்க ரெண்டு பேரும் இங்கதான் நிக்கிறாங்க. அக்காவப் போயி..."

"நீ கொஞ்சம் வாய மூடு. காலையிலேர்ந்து நீதான் பேசுற. அதனாலதான் அவளால வாயத் தொறக்க முடியல." நிர்மலாதேவி மேனகாவின் பக்கம் திரும்பினார். "லிப்ஸ்டிக்ல விஷம் இருந்தா மொதல்ல உன் முன்கை வீங்கியிருக்கணும். அஞ்சு கோட்டுலயும் தோல் சுத்தமா இருக்கு. அப்ப, கையில படாதது ஏதோ உதட்டுல பட்டிருக்கு. எப்பப் பட்டுச்சு? நேரலையிலன்னு ஊரே நெனச்சுது. நானும் அப்படித்தான் நெனச்சேன். ஆனா உன் கையுறை நேரலைக்கு முன்னாலயே வந்துடுச்சே. வெரல்தான் பிரஷ்னு சொல்றவ, சிநேகிதி கூட சண்ட போட்டுக்கிட்டு எதுக்குக் கையுறை மாட்டுவா? வெரல்ல எதையோ மறைக்கணும். இன்னிக்குக் கையுறை இல்ல. முகத்துல பவுடர்கூட இல்ல. ஆனா துண்டுல தோல் கலர் ஈஷியிருக்கு. தழும்பை மறைக்கப் பூசுவீங்களே, கன்சீலரு, அது எங்கேயிருந்து வந்துச்சு?"

மேனகா மெதுவாகக் கையை எண்ணெயில் வைத்தாள். தோல் நிறம் கரைந்து மிதந்தது. அடியில் விரல் நுனிகள் கறுத்துத் திட்டுத்திட்டாகத் தோல் உரிந்திருந்தன. ஒட்டு நகம் ஒன்று கழன்று கிண்ணத்தில் விழுந்தது.

"சனிக்கெழம அம்மா வீட்டுல எல்லாரோடயும் உக்காந்து பச்சைமுந்திரி ஒடச்சிருக்க. பண்ருட்டிப் பக்கமா?"

தலையசைத்தாள்.

"எல்லாரும் வெளக்கெண்ணெ தடவிக்கிட்டாங்க. நீ மாட்டேன்னுட்ட. எண்ணெ பட்டா நகம் கழண்டுடும். அந்த வெரலோட எத்தன தடவ உதட்டத் தொட்டியோ. அந்தப் பாலு அப்பவே காட்டாது, ஒரு நாள் கழிச்சுத்தான் வீங்கும். முந்திரிக்காட்டுல பொறந்த உனக்கு இது தெரியாதா?"

மேனகா துண்டை எடுத்தாள். வீங்கிய உதட்டால் பேசினாள். ஒவ்வொரு சொல்லும் சிரமப்பட்டு வந்தது.

"தெரியும். எரிய ஆரம்பிச்சதுமே தெரிஞ்சு போச்சு. அதுக்குள்ள எல்லாரும் லிப்ஸ்டிக்னு எழுதிட்டாங்க. அவ்ளோ பேரு என்னைப் பாத்ததே இல்ல மேடம். வாய்ல வந்துடுச்சு. நான் ஆஸ்பத்திரியில இருக்கும்போதே இவன் ஸ்டேஷனுக்குப் போயிட்டான்."

"அப்புறமும் சொல்ல நேரம் இருந்துச்சா இல்லியா?"

"இருந்துச்சு."

சிவசங்கரி அவளைப் பார்க்கவே இல்லை.

நிர்மலாதேவி இன்ஸ்பெக்டரைக் கூப்பிட்டு விவரத்தைச் சொன்னார். "முந்திரிக்கொட்டையா?" என்று அவர் இரண்டு தடவை கேட்டார். சீல் வேண்டாம் என்று சொல்ல அவருக்கு மூன்றாவது தடவை தேவைப்பட்டது.

"ராஜவேல், நீ இந்தப் பொண்ணு மேல புகார் குடுக்கலாம். குடுக்குறியா?"

ராஜவேல் மேனகாவின் விரல்களைப் பார்த்தான். "என்னை அசிங்கப்படுத்தின எடத்துலயே உண்மையச் சொல்லட்டும் மேடம். அது போதும்."

நேரலை தொடங்கியது. சிவசங்கரி விளக்கைச் சரிசெய்து, கேமராவைப் பிடித்தாள். மேனகா கறுத்த விரல்களைத் தூக்கிக் காட்டினாள். நடந்ததை மறைக்காமல் சொன்னாள். ராஜவேலிடமும், பிறகு கேமராவுக்குப் பின்னால் நின்றவளிடமும் பேர் சொல்லி மன்னிப்புக் கேட்டாள். முன்கையிலிருந்த ஐந்து கோடுகளையும் காட்டினாள். எல்லாம் முடிந்தது என்று நிர்மலாதேவி தொப்பியை எடுத்தார்.

முடியவில்லை. "இப்ப ரிவ்யூ," என்றாள் மேனகா. "அகழி நல்லா இருக்கு. பாம்புக்கிணறு காஞ்சதும் வெடிக்குது. முரசு சத்தத்த ரெண்டாவது தடவ கேக்க முடியல. அஞ்சுக்கு மூணு."

"மூணுதானா?" என்றான் ராஜவேல், சத்தமாகவே.

"நேத்து விஷம்னு சொல்லுச்சு, இன்னிக்கு மூணு சொல்லுது. வாங்கிக்கிட்டுப் போய் வேலையப் பாருய்யா," என்றார் நிர்மலாதேவி.

மேனகா சத்தம் வந்த பக்கம் திரும்பினாள். ராஜவேலின் உதட்டில் அவள் கண் நின்றது. "அது ராட்சசிதானே? எப்பப் போட்டீங்க?"

"மத்தியானம். சோறு தின்னேன், ரெண்டு டீ குடிச்சேன், சோப்பு போட்டுத் தேச்சேன். போவ மாட்டேங்குது."

மேனகா கேமராவுக்குத் திரும்பினாள். வலித்தாலும் முகம் முதல் தடவையாகத் தெளிந்திருந்தது. "மக்களே, ஒரு திருத்தம். மூணரை."