சிவப்பு பல்பு எரிகிறவரை

திரையில் ஓடிய பையன் நின்ற பிறகும் பனியில் ஒரு காலடி கேட்டது.

ஹெல்கா கையைப் பார்த்துக்கொண்டாள். கையில் சோளமாவு அடைத்த தோல்பை. அதை அமுக்கித்தான் பனியில் நடக்கிற சத்தத்தைச் செய்வாள். நிஜப் பனியைக் கொட்டி மைக் முன்னால் மிதித்தால் யாரோ காய்ந்த ரொட்டியை மெல்கிற மாதிரி இருக்கும். கனடாவின் வின்னிபெக் நகரில் எடுத்த எத்தனையோ படங்களில் யார் பனியில் நடந்தாலும் அது ஹெல்காவின் கைதான். இப்போது பை அசையவே இல்லை. ஆனால் ஹெட்ஃபோனுக்குள், இடது பக்கமாக, கறக் என்று ஒன்று.

"கோர்டி, கடைசியா கேட்டது நான் இல்ல."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பதிவு மேஜையில் உட்கார்ந்திருந்த கோர்டி சிரித்தான். "நீ இல்லாம நானா? சும்மா இரு, ஹெல்கா. அருமையா வந்திருக்கு, கெடுத்துடாத."

அவன் பொத்தானைத் தட்டினான். அறை மூலையிலிருந்த கதவுக்கு மேலே எரிந்த சிவப்பு பல்பு அணைந்தது. பதிவு நடக்கும்போது கதவின் உள்பக்கம் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று என்று இரண்டு பல்பு எரியும். எரிகிறவரை யாரும் உள்ளே வரக்கூடாது, கதவைத் தட்டக்கூடாது, வெளியே நின்று தும்மக்கூடக் கூடாது.

கிறிஸ்துமஸுக்கு வருகிற குழந்தைகள் படத்துக்கு ஜூலையில்தான் சத்தம் சேர்ப்பார்கள். வெளியே மத்தியான வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. ஏசி இரைச்சல் மைக்கில் விழும் என்று அதையும் நிறுத்தியிருந்தார்கள். சன்னல் இல்லாத அந்த அறையில் பழைய செருப்பு நாற்றமும் சோளமாவு வாடையும் வியர்வையும் கலந்து குமட்டியது. அதற்குள் நின்றுகொண்டு, உச்சந்தலை நனைய நனைய, அவள் பனியை அமுக்கினாள்.

படம் என்னவோ வழக்கமான படம்தான். பனிப்புயலில் வழி தவறிய ஒரு கார்ட்டூன் பையன். அவனுக்கு வழிகாட்ட ஒரு நரி, அதோடு சண்டை போட ஓர் ஆந்தை. கடைசியில் வீடு வருகிறது, பையன் கதவைத் தட்டுகிறான், அம்மா ஓடிவந்து திறந்து கட்டிக்கொள்கிறாள், மணி அடிக்கிறது, எல்லோரும் சூடாக கோகோ குடிக்கிறார்கள். பார்க்கிறவர்கள் மனசெல்லாம் உருகுமாம். ஹெல்காவுக்கு எரிச்சல்தான் வந்தது. புயலில் கிடந்த பிள்ளைக்குக் கன்னம் ரோஜா நிறத்தில் இருக்குமா? மெழுகு மாதிரி வெளுத்துப்போய் இருக்கும். தொட்டால் விரல் ஒட்டும். வரைந்தவனுக்கு என்ன தெரியும்!

அவள் மகன் ஆரி ஏழு வயதில் பனியில் செத்துப்போனவன். அதற்குப் பிறகு இந்த மாதிரி படமே வேண்டாம் என்று எத்தனையோ வருஷம் ஒதுங்கியிருந்தாள். இதைச் செய்யவேண்டிய ஆள் கையை உடைத்துக்கொண்டான் என்று கோர்டி வந்து கெஞ்சியதால்தான் ஒப்புக்கொண்டாள். இன்றைக்கு இந்த ஒரு காட்சியை அழாமல் முடித்துவிட்டு வீட்டுக்குப் போய்விட வேண்டும். அவள் வேண்டியதெல்லாம் அவ்வளவுதான்.

"இன்னொரு தடவை போலாமா?" என்றான் கோர்டி.

சிவப்பு பல்பு எரிந்தது. பையன் வேலியைத் தாண்டி வீட்டை நோக்கி நடந்தான். அவள் பையை அமுக்கினாள். கறக், கறக், கறக். பையன் வாசலில் நின்றான். அவள் நின்றாள்.

கறக். கறக். சர்ர்.

இந்தத் தடவை அது பல்பு மாட்டிய மூலைக் கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது. ஹெட்ஃபோனைக் கழற்றினாள். ஒன்றுமில்லை. மாட்டினாள். சர்ர். வலது காலை ஊன்றி, இடது காலை இழுத்து வைக்கிற நடை.

"ஆகா! அந்த ரெண்டாவது நடை ஏதுடி? நீயா சேர்த்தது? சின்னப் புள்ள பெரிய பூட்ஸ் போட்டு இழுத்துட்டு வர்ற மாதிரி... எப்படித்தான் உனக்குத் தோணுதோ!" கோர்டி நாக்கைச் சப்புக்கொட்டினான். "அது அப்படியே இருக்கட்டும். எடுக்கவே மாட்டேன்."

பல்பு அணைந்தது.

ஹெல்கா பையைக் கீழே வைத்தாள். நடையை வைத்து ஆளைச் சொல்வது அவள் தொழில். அடுத்த வருஷமும் ஆகட்டும் என்று ஆரிக்கு ஒரு சைஸ் பெரிய பூட்ஸ் வாங்கிக் கொடுத்தவள் அவள்தான். நுனியில் காலுறையைச் சுருட்டித் திணித்ததும் அவள்தான். அப்படியும் இடது கால் இழுக்கும்.

ஆரி இருந்தபோது அவள் தன் வீட்டின் நிலவறையில் வேலை செய்துகொண்டிருந்தாள். பக்கவாட்டுக் கதவைத் திறந்தால் நேராக நிலவறைப் படி. அந்தக் கதவுக்கு வெளியேயும் ஒரு சிவப்பு பல்பு மாட்டியிருந்தாள். பல்பு எரிந்தால் அம்மா வேலையில் இருக்கிறாள், வரக்கூடாது, தட்டக்கூடாது, மூச்சு விடக்கூடாது. ஆரி தங்கமான பிள்ளை. வெளியே வாசற்படியில் உட்கார்ந்து காத்திருப்பான். அணைந்ததும் கைப்பிடியை முழுசாகத் திருகிப் பிடித்துக்கொண்டு, 'க்ளிக்' சத்தமே வராமல் நுழைவான். அவளுக்கு அதில் அத்தனை பெருமை. வீட்டுக்கு வருகிறவர்கள் முன்னால் அவனைச் செய்துகாட்டச் சொல்வாள்.

அந்த ஜனவரியில் புயல் வருகிறதென்று பள்ளியைச் சீக்கிரம் விட்டுவிட்டார்கள். பஸ் அவனைத் தெருமுனையில் இறக்கிவிட்டது. அவள் கீழே, காதில் ஹெட்ஃபோனோடு, ஏதோ ஒரு படத்துக்குப் பனியை அமுக்கிக்கொண்டிருந்தாள். இடையில் ஒரு தடவைகூட பல்பை அணைக்கவில்லை. மேலே ஏறிவந்து கதவைத் திறந்தபோது இருட்டிவிட்டிருந்தது. ஆரி வெளியே வாசற்படியில் உட்கார்ந்திருந்தான். அந்த வாரம் முழுக்க அவனுக்கு இருமல். இருமல் உள்ளே கேட்டுவிடக்கூடாது என்று நீலக் கம்பளிக் கையுறையை வாயில் வைத்து அழுத்தியிருந்தான். அது உறைந்து ஒட்டிப்போய், கடைசிவரை எடுக்க முடியவில்லை. அதோடுதான் புதைத்தார்கள்.

ஊர் முழுக்க பஸ்காரனைத் திட்டியது. பள்ளியைத் திட்டியது. கதவு பூட்டியிருந்ததாக்கும் என்று எல்லோரும் அவர்களாகவே நினைத்துக்கொண்டார்கள். கதவு பூட்டியிருக்கவில்லை. பல்பைப் பற்றி அவள் யாரிடமும் வாய் திறக்கவில்லை.

முதுகில் சில்லென்று காற்று பட்டது.

திரும்பினாள். மூலையிலிருந்த கதவு ஒரு விரல் அகலம் திறந்திருந்தது. அவள் சாத்திய கதவு. இழுத்தால் முனகுகிற கனத்த கதவு, சத்தமே இல்லாமல் திறந்திருந்தது. அந்த இடுக்கின் வழியாகத் தரையோடு தரையாகக் குளிர் ஊர்ந்து வந்தது. கோர்டி உட்கார்ந்த இடத்திலிருந்து அந்த மூலை தெரியாது.

இடுக்கு இரண்டு விரலாயிற்று.

"கோர்டி! பல்பு! பல்பப் போடு!"

"என்ன அவசரம்? தண்ணியாவது குடிச்சுக்கோயேன்..."

"போடுன்னா போடேன்!"

எரிந்தது. கதவு அப்படியே நின்றது.

ஹெட்ஃபோனுக்குள் பனிக்கால்சட்டை உரசுகிற சத்தம். சின்ன உடம்பு ஒன்று கீழே உட்கார்கிற சத்தம். சமர்த்தாக. சொன்ன பேச்சைக் கேட்டு.

கதவைத் தட்டுகிற சத்தத்தை எப்படிச் செய்தாள் என்று அவளுக்கே தெரியாது. பலகையில் விரல்முட்டியால் மூன்று தட்டு. திரையில் அம்மா ஓடிவந்தாள், திறந்தாள், கட்டிக்கொண்டாள். ஹெல்கா ஒரு கம்பளிச் சட்டையைத் தன் நெஞ்சோடு வைத்துக் கசக்கினாள். அணைப்புக்கு அதுதான் சத்தம்.

"முடிஞ்சுது ராணி! பிரமாதம்!" என்றான் கோர்டி. "நானே அழுதுட்டேன் போ. நிறுத்திடவா?"

"வேணாம். அணைக்காத."

"ஏன்?"

"அறைச் சத்தம் எடுக்கலையே."

"அட ஆமா."

எல்லாம் முடிந்தபின் ஆள் அசையாத வெறும் அறையை ஒரு நிமிஷம் பதிவு செய்வார்கள். சத்தம் விட்டுப்போன இடங்களில் ஒட்டுப்போட அது வேண்டும். அந்த ஒரு நிமிஷம் அவளுக்குக் கிடைத்தது. அவள் அசையாமல் நின்றாள். விட்ட மூச்சு வெள்ளையாக முகத்துக்கு முன்னால் நின்றது.

அந்தப் பக்கம் மூச்சு கேட்டது. மூக்கு அடைத்த மூச்சு. பற்கள் மெல்ல அடித்துக்கொண்டன. பிறகு கம்பளிக்குள் அமுங்கிய ஓர் இருமல். பாதியிலேயே விழுங்கிய இருமல்.

உள்ளே வாடா கண்ணா. சொல்லவேண்டியது அவ்வளவுதான். எத்தனை ராத்திரி தலையணையில் முகம் புதைத்து இந்த ஒரு வாய்ப்புக்காக அழுதிருக்கிறாள்! பல்பையும் பார்க்காதே, ஒன்றையும் பார்க்காதே, ஓடி வந்துடு. வாயைத் திறந்தாள். வரவில்லை. பயம். பெற்ற பிள்ளை மேல் பயம். கதவிடுக்கில் தெரிந்த இருட்டைப் பார்த்து அவள் மனசு ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தது. எரியட்டும். பல்பு எரியட்டும். அவன் அங்கேயே இருக்கட்டும்.

கோர்டி கண்ணாடிக்குப் பின்னால் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினான்.

அவள் தலையை ஆட்டினாள். வேண்டாம். கையை ஆட்டினாள். வேண்டாம், வேண்டாம்.

அவனும் சிரித்துக்கொண்டே கையை ஆட்டினான். போய்வருகிறேன் என்று. பொத்தானைத் தட்டினான். ஹெட்ஃபோனைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு எழுந்து போனான்.

பல்பு அணைந்தது.

கைப்பிடி திரும்பியிருந்தது. முழுசாக. 'க்ளிக்' இல்லை.

கதவு திறந்தது. அதிகமில்லை. ஒரு பையன் பக்கவாட்டில் நுழைகிற அளவு. பூட்ஸை உள்ளே வந்து கழற்றினான். ஜோடியாக ஓரத்தில் வைத்தான். அவள் சொல்லிக்கொடுத்த மாதிரியே. இமையெல்லாம் வெள்ளை. வாயில் நீலக் கையுறை. கையால் அதை இன்னும் அழுத்திப் பிடித்திருந்தான்.

இந்தத் தடவை ஹெட்ஃபோன் தேவைப்படவில்லை.

"அம்மா." கம்பளிக்குள்ளிருந்து. "இப்ப இருமலாமா?"

அவள் தலை ஆமென்று தன்னால் அசைந்தது.

ஆரி கையுறையை வாயிலிருந்து பிய்க்கத் தொடங்கினான்.