பறவை மட்டும் கலங்கிய படம்

பலாக்காயின் முள் ஒவ்வொன்றும் தெரிந்தது. காம்பில் ஊர்ந்த எறும்பு தெரிந்தது. அடிமரத்தைச் சுற்றி ஏறியிருந்த மிளகுக்கொடியின் இலை நரம்புகூடத் தெரிந்தது. அத்தனைக்கும் நடுவில், தாழ்ந்த கிளைமேல் உட்கார்ந்திருந்த பறவை மட்டும் யாரோ ஈரக்கையால் தேய்த்துவிட்டதைப் போலச் சாம்பலும் பழுப்புமாகக் கலங்கிக் கிடந்தது.

ஜெயசுதா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள், சிறிதாக்கிப் பார்த்தாள், போனைத் திருப்பிப் பிடித்தும் பார்த்தாள். எரிச்சல்தான் மிஞ்சியது. கொல்லிமலைப் பறவைகளைக் கணக்கெடுக்கும் ஒரு சிறு குழுவுக்காக வளப்பூர் நாடு என்ற மலையூர்ப் பகுதியில் வாடகை வீட்டில் தங்கியிருந்தாள். மலைக்காரர்கள் போனில் எடுத்து அனுப்பும் படங்களைப் பார்த்து இன்ன பறவை என்று சொல்வது அவள் வேலை. வாலை மட்டும் காட்டும் படம், வெயிலுக்கு எதிரே கரிக்கட்டையாகத் தெரியும் படம், பறவை போன பிறகு வெறுங்கிளையை எடுத்த படம் என்று எல்லாவற்றோடும் மல்லுக்கட்டிப் பழகியவள். கை ஆடினால் படம் முழுக்கக் கலங்கும். பறவை தலையை ஆட்டினால் தலை மட்டும் கலங்கும். இது எதிலும் சேரவில்லை.

அனுப்பியவர் சின்னராசு, அதே மலையில் திருப்புலி நாட்டில் மரவள்ளியும் மிளகும் போட்டிருப்பவர். எழுத்தைத் தட்ட அவருக்குப் பொறுமை கிடையாது. ஒவ்வொரு படத்துக்கும் பின்னாலேயே ஒரு குரல் பதிவு வந்து விழும். முதலில் ஒரு கமறல். பிறகு, "இப்பத் தெரியுதுங்களா அம்மிணி?"

எங்கே தெரிந்தது? ஆந்தை என்று முதலில் சொன்னாள். அடுத்த படத்தில் அதற்குக் கழுத்து நீண்டிருந்தது, ஆந்தையை விட்டுவிட்டுக் கழுகு என்றாள். அதற்கடுத்ததில் அது கிளையோடு கிளையாக ஒட்டிப் படுத்திருந்தது, ஒருவேளை இரவில் திரியும் பக்கிக்குருவியோ என்று இழுத்தாள். அதே மரம், அதே கிளை, அதே பாழாய்ப்போன கலங்கல். சொன்னதையெல்லாம் மாற்றி மாற்றிச் சொல்லி அவளுக்குத் தன்மேலேயே வெறுப்பு வந்தது.

சின்னராசுவும் விடுகிற ஆள் இல்லை. அவருக்கு அந்தப் பெயர் வேண்டியிருந்தது. அது வந்து உட்கார்ந்த வாரமே அவர் வீட்டுச் சேவல் காணாமல் போனது. மறுநாள் விடியலில் அந்தக் கிளையிலிருந்து அதே சேவல் கூவியது. பிறகு நாயைக் காணவில்லை. கிளையிலிருந்து நாய் குரைத்தது. மனைவி மாதம்மாள் துணிமூட்டையைக் கட்டிக்கொண்டு தாய் வீட்டுக்குப் பஸ் ஏறிவிட்டாள். அது இன்னதென்று தெரிந்தால்தான் திரும்பி வருவாளாம். ஜெயசுதா இதைக் கேட்டுச் சிரித்துவிட்டாள். துடுப்புவால் கரிச்சான் என்று ஒரு பறவை உண்டு, காதில் விழுந்த குரலையெல்லாம் அப்படியே திருப்பிச் சொல்லும், சேவலைக் காட்டுப்பூனை கொண்டுபோயிருக்கும் என்று தைரியம் சொன்னாள்.

இன்று மதியம் மறுபடியும் ஒரு கலங்கல் வந்தபோது பொறுமை போய்விட்டது. அவளே அழைத்தாள்.

"கரிச்சான்னா மைனாவாட்டம் சிறுசுங்கண்ணா. கழுகுன்னா கோழியை விடப் பெருசு. அளவே தெரியாம நான் எதுன்னு சொல்றதுங்க? பக்கத்துல எதையாச்சும் வெச்சு எடுங்க. இல்லீன்னா இனி அனுப்பவே வேண்டாம்."

போனைக் கல்லுக்கட்டின் மேல் சாய்த்து வைத்துத் தானாக எடுக்கும்படி செய்யத் தனக்குத் தெரியும் என்றார் சின்னராசு. பிறகு தயங்கித் தயங்கி, "நானே போயி பக்கத்துல நின்னுக்கட்டுங்களா?" என்று கேட்டார்.

"நில்லுங்க," என்றாள் சலிப்போடு. "நல்லா ஒட்டி நில்லுங்க."

மழை விட்டும் ஓட்டு விளிம்பிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. காப்பிச்செடிகளின் ஈர வாடையும், கொல்லையில் விழுந்து புளித்த பலாப்பழத்தின் வாடையும் பனிமூட்டத்தோடு சேர்ந்து சன்னல் வழியாக உள்ளே வந்து நின்றன. பொழுது சாயும் முன்பே கொல்லைப் பலாமரம் பாதி மறைந்துவிட்டது. அவரிடம் அப்படிக் கடிந்து பேசியிருக்க வேண்டாம் என்று அவளுக்கு உறுத்தியது. அழைத்துப் பார்த்தாள். மணி அடித்தது, எடுக்கவில்லை.

பிறகு படம் வந்தது. டவர் ஒரு கோடுதான். மங்கலான சதுரத்தின் நடுவே வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. சன்னலோரம்தான் கொஞ்சம் கிடைக்கும் என்று போனை அங்கே சாய்த்து வைத்தாள். சும்மா இருக்க முடியாமல் கம்ப்யூட்டரில் முதல் படத்தைத் திறந்தாள். இத்தனை நாளும் பறவையையே முறைத்துக்கொண்டிருந்தவள், முதல்முறையாகப் பலாக்காயைப் பார்த்தாள்.

பறவைக்குப் பக்கத்தில் அது பிஞ்சாகத்தான் தெரிந்திருந்தது. ஆனால் பிஞ்சில் முள் நெருங்கிக் கூராக இருக்கும். இதில் முள் தட்டையாகி, இடைவெளி விட்டு அகன்றிருந்தது. முற்றிய காய். ஒரு ஆள் தூக்கத் திணறும் காய். அது பறவையின் பாதத்தை விடக் கொஞ்சம்தான் பெரிதாக இருந்தது.

அளவு முதல் படத்திலேயே இருந்திருக்கிறது. அவளுக்குத்தான் பார்க்கத் தெரியவில்லை.

அவரை அழைத்தாள். போகவில்லை. மறுபடி அழைத்தாள். போகவில்லை. வட்டம் நின்றது.

படம் திறந்தது.

பறவை தெளிவாக இருந்தது. கிளையில் இல்லை, தரையில் நின்றது. இறகின் ஒவ்வொரு இழையும் தெரிந்தது. அலகின் விரிசல் தெரிந்தது. அவளை நேராகப் பார்க்கும் கண் தெரிந்தது. எல்லாம் தெரிந்தும் அதற்கு ஒரு பெயர் அவளிடம் இல்லை.

சின்னராசுவைத் தேடினாள்.

பறவையை ஒட்டி, அதன் மார்பளவு உயரத்தில், ஈரக்கையால் தேய்த்துவிட்டதைப் போல ஒரு கலங்கல். லுங்கியின் நீலம் கொஞ்சம். கீழே, புல்லின்மேல், ஒரு ஜோடி செருப்பு மட்டும் தெளிவாக.

குரல் பதிவுக்காகக் காத்திருந்தாள். வரவில்லை. போனில் அந்த ஒரு கோடும் போய்விட்டது.

கொல்லையில் சேவல் கூவியது. அவள் கோழி வளர்க்கவில்லை. அக்கம்பக்கத்தில் வீடும் இல்லை.

நாய் குரைத்தது. ஒரே ஒரு முறை. உயரத்திலிருந்து.

சன்னலுக்கு வெளியே, பனிமூட்டத்துக்குள், பலாக்கிளை பாரம் தாங்காமல் மெல்லத் தாழ்ந்தது. முதலில் ஒரு கமறல்.

"இப்பத் தெரியுதுங்களா அம்மிணி?"